மாதா கழுத்தில் விழுந்த கோடு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். என் அப்பாவுக்கும் அப்படித்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இருந்தவரை ராயபுரத்தில் எங்கள் சந்துக்கு வேறு பொழுதுபோக்கே வேண்டியிருக்கவில்லை. கல் அச்சகத்தில் என்னோடு வேலை பார்த்தவரை நான் கட்டிக்கொண்டு இரண்டு சந்து தள்ளிக் குடிபோன பிறகு சந்து அமைதியானது. அப்பா என்னோடு ஒன்றிரண்டு வார்த்தை பேசுவார். என் வீட்டுக்காரரோடு அதுவும் கிடையாது.

அவர் எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்துக்காரர். கடல் தொழில் செய்கிற இந்துக் குடும்பம். எனக்காக ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார். அன்றோடு குப்பத்தில் அவருடைய அண்ணன்மார் வாசலை மூடிவிட்டார்கள். இந்தப் பக்கம் என் அப்பா வாசலைத் திறக்கவில்லை. "தண்ணி தெளிச்சா வேதக்காரனா பூடுவானா? கண்ணாலத்துக்கு நனைஞ்சான், காஞ்சா பழைய ஆளு ஆயிடுவான்" என்று துறைமுகத்தில் தன்னோடு கிரேன் ஓட்டுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் அறுபதுகளின் கடைசியில். எங்கள் கோயிலில் மாதா திருவிழாவின் கடைசி நாள் தேர் வரும். தேர் என்றால் சக்கரம் வைத்தது அல்ல, தோளில் தூக்குவது. நான்கு தண்டு. அதில் ஒரு தண்டு எங்கள் சந்துக்கு. யார் முன்னால், யார் பின்னால் என்பது குடும்பக் கணக்கு. அப்பாவுக்குப் பின்னால் நிற்க வேண்டியது அவர் மகன். மகன் இல்லாத வீட்டில் மருமகன். என் கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு தேர் போய்விட்டது. இரண்டு தடவையும் அப்பாவுக்குப் பின்னால் அந்த இடம் காலியாகவே போயிற்று. என் வீட்டுக்காரர் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு நடந்தார். மூன்றாம் வருஷம் பங்குச் சாமியார் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசியதில், "சரி, பாக்கலாம்" என்று வந்துவிட்டார். என் அப்பா வாயிலிருந்து "பாக்கலாம்" வருவது லேசுப்பட்ட காரியமில்லை. அந்த இடம் கிடைத்தால் இவர் எங்கள் வீட்டு ஆள். கிடைக்காவிட்டால் இவருக்கு இரண்டு பக்கமும் வீடு கிடையாது. இவர் வாய்விட்டுச் சொல்கிற ஆளில்லை. ஆனால் ஒரு புதுத் துண்டு வாங்கி, துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்திருந்ததை நான் பார்த்தேன்.

திருவிழா நோட்டீசை வருஷா வருஷம் எங்கள் அச்சகத்தில்தான் அடிப்பார்கள். கமிட்டி சார்பில் அந்தப் பொறுப்பு அப்பாவுடையது. நடுவில் மாதா படம், சுற்றிலும் எழுத்து, எல்லாம் நீல மசியில். அந்த அளவுத் தாளுக்குத் தகுந்த பெரிய கல் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

கல் அச்சு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வழவழவென்று தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மசியால் படத்தைப் பதிப்பார்கள். கல்லை நனைத்து மேலே உருளையால் மசி தடவினால், ஈரம் உள்ள இடத்தில் ஒட்டாது, கொழுப்பு உள்ள இடத்தில் ஒட்டும். தாளை வைத்து அழுத்தினால் படம் வரும். வேலை முடிந்ததும் கல்லின் மேல்தோலை மணலும் தண்ணீரும் விட்டு, மேலே இன்னொரு சின்னக் கல்லை வைத்து, எட்டு போடுகிற மாதிரி சுற்றிச் சுற்றித் தேய்த்து எடுத்துவிட்டால் அடுத்த படத்துக்குக் கல் தயார். தேய்ப்பது என் வீட்டுக்காரர் வேலை. அடித்து வருகிற தாளை எடுத்துக் கொடியில் காயப் போடுவது என் வேலை. அந்தக் கற்களெல்லாம் எந்தக் காலத்திலோ ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தவை. ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்துக்கொண்டே வந்தன.

அந்த வருஷம் முதல் புரூஃப் தாளை நான்தான் எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. மாதாவின் கழுத்தில், முகவாய்க்குக் கீழே, இந்தக் காதுப் பக்கத்திலிருந்து அந்தக் காதுப் பக்கம் வரை வெள்ளையாக ஒரு கோடு. கத்தியால் இழுத்த மாதிரி.

மறைக்கலாம் என்று திரும்பினால் அப்பா பின்னால் நின்றிருந்தார். ஷிப்ட் முடித்து நேராகப் புரூஃப் பார்க்க வந்திருக்கிறார். தாளை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். அவர் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் அப்பா கத்தாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"இந்தக் கல்லத் தேச்சது யாரு?" என்று முதலாளியைக் கேட்டார்.

யார் என்று அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். முதலாளியும் கண்ணால் காட்டினார். "ஆணி கீணி பட்டிருக்கும் பெரியவரே. தேய்க்கிறவன் கொஞ்சம் கவனமா இருக்கணும்."

"கழுத்தா பாத்துப் பட்டுகீது பாரு ஆணி" என்றார் அப்பா.

என் வீட்டுக்காரர் தேய்க்கிற தொட்டியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "கீறல் இல்ல மாமா. கீறலா இருந்தா நகம் சிக்கும். இது கல்லோட நெறம். நீங்களே நகத்த வெச்சுப் பாருங்கோ."

அப்பா கல்லைத் தொடவில்லை. இவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. முதலாளியிடம், "இத்த வேற ஆளு தேய்க்கட்டும். இவன் கை இதுல படக்கூடாது" என்றார்.

எங்கள் அச்சகத்தில் தேய்க்கிறவர் இன்னொருவர் இருந்தார். வியாசர்பாடிக்காரர், பழைய ஆள். முதலாளி கூப்பிட்டதும் அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். தேய்க்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் பழக்கிய கல்லில் இன்னொருத்தர் கை வைப்பதில்லை. ஒவ்வொரு கைக்கும் ஒரு பாரம். கை மாறினால் கல் ஒரு பக்கம் இறங்கிவிடும். "அது அவன் கை கல்லு. நான் வெச்சா ஒரு பக்கம் பள்ளமாப் பூடும். அச்சுல அழுத்துனா ரெண்டாப் பொளந்துக்கும். அப்பால எம்மேல பழி போடாதீங்க" என்றார் வியாசர்பாடிக்காரர்.

கொடியேற்றத்துக்கு முன்னால் நோட்டீசு ஒட்டியாக வேண்டும். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அவனே தேய்க்கட்டும். நான் பக்கத்துல நின்னு பாத்துகினே இருப்பேன்" என்றார்.

சொன்ன மாதிரியே மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நின்றார். ஸ்டூல் போட்டேன். உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, கைதியைக் காவல் காக்கிற மாதிரி தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். என் வீட்டுக்காரர் மணலைத் தூவித் தேய்த்தார். வழக்கத்தைவிட ஆழமாகவே தேய்த்தார். கல்லைக் கழுவி, படத்தை மறுபடி ஒத்திப் பதித்து, புரூஃப் எடுத்தோம்.

கோடு போகவில்லை. தடித்திருந்தது. ஒரு பக்கம் நீண்டும் இருந்தது.

முதலாளி நெற்றியில் அடித்துக்கொண்டார். அப்பா தாளை ஒரு தரம் பார்த்துவிட்டு, "இன்னொரு தபா" என்றார். அவ்வளவுதான். மறுபடி மணல், மறுபடி தண்ணீர். அன்றைக்கு முழுக்க அந்தக் கர்ர் கர்ர் சத்தம் என் பல்லில் கூசியது. இவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தேய்க்கிறார். வியர்வை கல்லில் சொட்டக்கூடாது, சொட்டினால் மசி பிடிக்காது என்று அடிக்கடி தோளால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். அப்பா இமைக்காமல் இவர் விரலையே பார்க்கிறார். விரலுக்கு நடுவில் ஆணி வைத்திருப்பாரோ என்று பார்க்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரெண்டு பேர் மேலேயும் வாளித் தண்ணீரை வீசியிருப்பேன். இவர் ஒரு பார்வை பார்த்தார். சும்மா இருந்தேன்.

மறுநாள் புரூஃபில் கோட்டுக்கு ஒரு முனையில் முள் முளைத்திருந்தது. இந்தப் பக்கம் வரிசையாக, அந்தப் பக்கம் வரிசையாக. மாதாவின் தோள் மேலே முள். பார்த்த வியாசர்பாடிக்காரர் சிலுவை போட்டுக்கொண்டார், அவர் கிறிஸ்தவரே இல்லை.

"நேத்து கோடு. இன்னிக்கு முள்ளு. நாளிக்கு இன்னா?" என்றார் அப்பா.

மறுநாள் அந்த முள்ளுக்கு உடம்பும் வந்தது. பாதி நிலா மாதிரி வளைந்த ஓடு, அதற்குப் பின்னால் முள் வைத்த இன்னொரு ஓடு, அதிலிருந்து ஈட்டி மாதிரி வால். முதல் நாள் நாங்கள் பார்த்த கோடு அந்த வால். ஈரக் கல்லில் பழுப்பு நிறத்தில் முழுசாகத் தெரிந்தது. ஏதோ ஒன்று கல்லுக்குள் படுத்திருந்திருக்கிறது. இவர் தேய்க்கத் தேய்க்க வெளியே வந்திருக்கிறது.

வேலையை விட்டுவிட்டு எல்லாரும் தொட்டியைச் சுற்றி வந்துவிட்டார்கள். "நண்டு மாதிரி கீது. நண்டு இல்ல" என்றார் என் வீட்டுக்காரர் மெதுவாக. கடலில் வளர்ந்தவர் என்றாலும் அப்படி ஒன்றை அவரும் பார்த்ததில்லை.

பிற்பாடு என் மகள் கல்லூரியில் விலங்கியல் படித்தபோது அவள் புத்தகத்தில் அதே படத்தைப் பார்த்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்துவிட்டாள். லாட நண்டு என்கிறார்கள், குதிரை லாடம் மாதிரி இருப்பதால். பெயர்தான் நண்டு. சொந்தமெல்லாம் தேளும் சிலந்தியும். ஒரிசாக் கரையில் இன்றைக்கும் லாட நண்டு ஊர்கிறதாம். ஆனால் எங்கள் கல்லில் இருந்தது அதன் தூரத்துச் சொந்தம், மீசோலிமுலஸ் என்று ஒரு பேரினம், பூண்டோடு அற்றுப்போய்விட்டது. ஜெர்மனியில் நம் அச்சுக்கல்லை வெட்டி எடுத்த அதே சுரங்கத்தில்தான் அதுவும் கிடைக்கிறது. பதினைந்து கோடி வருஷத்துக்கு முன்னால் அங்கே கடல் இருந்ததாம். சில கல்லில் அது நடந்து போன தடமும் பதிந்திருக்குமாம். தடத்தின் கடைசியில் அதுவே செத்துக் கிடக்குமாம். இதெல்லாம் மகள் படித்துக் காட்டியது.

அன்றைக்கு இதெல்லாம் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"கல்லு உள்ள பூந்து யாராச்சும் கீற முடியுமா நைனா? சொல்லு. நீதான் கண்ண எடுக்காம பாத்துகினு இருந்தியே" என்று அப்பாவைக் கேட்டேன்.

முதலாளிதான் முந்திக்கொண்டார். "அது எதுவா வேணா இருக்கட்டும்மா. சாயந்திரத்துக்குள்ள கல்லு எனக்குச் சுத்தமா வேணும். தேய்ச்சு எடு."

என் வீட்டுக்காரர் மேல்கல்லைக் கீழே வைத்துவிட்டார். மூன்று நாளில் முதல் தடவையாக அவர் கை நின்றது. ஏனென்று எனக்குத் தெரியும். அவர்கள் குப்பத்தில் பெயர் தெரியாத ஜந்து வலையில் வந்தால் அறுக்க மாட்டார்கள், கடலிலேயே விட்டுவிடுவார்கள். சின்ன வயசிலிருந்து கையில் ஊறின வழக்கம். தேய்த்தால் அது போய்விடும் என்பது ஒன்று. அது போய்விட்டால் தான் கீறவில்லை என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சியும் போய்விடும் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் உறைத்தது. "தேய்க்காதய்யா. கமிட்டிக்காரங்க வந்து பாக்கட்டும்" என்றேன்.

அப்பா இவர் முகத்தை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். "இன்னா யோசிக்கிற? கும்புடப் போறியா?"

இவர் தேய்க்காவிட்டால், காய்ந்ததும் பழைய ஆளாகிவிட்டான் என்று அப்பா ஊருக்கே சொல்வார். தேய்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. இவர் அப்பாவைப் பார்த்தார், அப்புறம் கல்லைப் பார்த்தார். குனிந்து ஒரு பிடி மணலை எடுத்து அதன் முதுகு மேல் தூவினார்.

ஓடு முதலில் போயிற்று. பிறகு முள். வால்தான் கடைசி வரை இருந்தது. கல்லைக் கழுவியபோது வெறும் கல் இருந்தது. மாதா படம் பழுதில்லாமல் நீலமாக விழுந்தது. நான் கொடியில் போடப் போட, அப்பா காய்ந்த தாளையெல்லாம் எண்ணிக் கட்டாகக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு போனார்.

நோட்டீசு ஏன் தாமதம் என்று கமிட்டி கேட்டிருக்கிறது. முதலாளி என்ன சொல்லியிருப்பார்? என் கல் சரியில்லை என்றா சொல்வார்? "தேய்க்கிற பையன் கல்லைக் கீறிட்டான், நாங்க சரி பண்ணிட்டோம்" என்று சொல்லிவிட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அப்பாவும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்கவில்லை.

வெறும் வாயை மெல்கிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? கொடியேறின மறுநாள் மீன் மார்க்கெட்டு முழுக்க அதே பேச்சு. மாதா கழுத்தை அறுத்தானாம். மதம் மாறினவன் மனசில் விஷமாம். குழாயடியில் ஒருத்தி என் குடத்தைத் தள்ளி வைத்தாள். அவள் குடத்தை நான் சாக்கடையில் வைத்தேன். அது வேறு சண்டையாகிவிட்டது.

"வுடுமே. உங்க நைனா மூணு நாளும் பக்கத்துல நின்னாரு. அவருக்குத் தெரியும். சொல்லுவாரு" என்றார் இவர்.

தினமும் வேலையிலிருந்து வந்ததும், "சொன்னாராமா?" என்று கேட்பார். நான் இல்லை என்பேன். சோற்றைப் பிசைவார். நான்காம் நாள் பொறுக்காமல் அப்பா வீட்டுக்குப் போனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "உனக்குத் தெரியும் நைனா" என்றேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "போய் உன் வூட்டு வேலையப் பாரு" என்றார்.

தேர் அன்றைக்கு இவர் போகவேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். அவமானப்பட்டு நிற்பதற்கு எதற்குப் போக வேண்டும்? இவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பெட்டியிலிருந்து அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பின்னாலேயே ஓடினேன்.

கோயில் முற்றத்தில் தேர் தயாராக இருந்தது. ஆண்கள் தண்டுக்கு வந்து நின்றார்கள். அப்பா அவர் இடத்தில். பின்னால் காலி. இவர் போய் அந்த இடத்தில் நின்றதும், எங்கள் சந்துத் தண்டுக்குத் தலைவராக நிற்கிற படகுக்காரர் திரும்பிப் பார்த்தார். பெரிய குரலெல்லாம் இல்லை, சாதாரணமாகச் சொன்னார்.

"தம்பி நீ வேணாம்பா. மாதா கழுத்தக் கீறின கை இந்தத் தண்டுல படக்கூடாது. எல்லாரும் கடலுக்குப் போறவங்க, நாளிக்கு ஏதாச்சும் ஆயிடும் பாரு."

இவர் நகரவில்லை. அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். சாமியார் ஆரம்பிக்கலாமா என்று கையைக் காட்டுகிறார். மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. தண்டில் இருந்த அத்தனை பேரும் அப்பாவைப் பார்க்கிறார்கள். அப்பா தண்டைப் பார்க்கிறார். நான் பெண்கள் பக்கத்தில் நின்றிருந்தேன். இவர் ஒரு அடி பின்னால் வைத்தார்.

"அவன் கீறல" என்றார் அப்பா.

மணிச் சத்தத்தில் முன்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னார்.

"அவன் கீறல. கல்லு உள்ள ஏதோ செத்த ஜந்து இருந்துச்சு. நான் பக்கத்துல நின்னுகினு கண்ணால பாத்தேன். தேய்க்கத் தேய்க்க வெளிய வந்துச்சு. நான் தேய்க்கச் சொன்னேன், தேச்சான். மொதலாளி சொன்னது பொய்யி."

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. பெண்கள் முந்தானையைப் பிடித்து இழுக்க இழுக்க முன்னால் போய்க் கேட்டேன். "அப்ப ஏன் நைனா இத்தினி நாளு வாயத் தொறக்கல? ஊரே இவரத் துப்பிகினு இருந்துச்சே, எங்க போன நீ?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. பின்னால் திரும்பி இவரைப் பார்த்துச் சொன்னார்.

"நீ கீறியிருக்கணும்னு வேண்டிகினு நின்னேன்டா. மூணு நாளும் அந்த மாதா கிட்டயே வேண்டிகினேன். நீ கீறியிருந்தா எம் பொண்ண எங்கூட்டுக்கு இட்டுகினு வந்துருப்பேன். நீ கீறல. இன்னா பண்றது."

படகுக்காரர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா அரை அடி முன்னால் நகர்ந்து இடம் விட்டார். இவர் துண்டை நாலாக மடித்துத் தோளில் வைத்துத் தண்டுக்குக் கீழே போனார். தூக்கிவிட்டார்கள். தேர் சந்து சந்தாகப் போனபோது நான் கூடவே நடந்தேன், ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து இவர் தோளில் எண்ணெய் தேய்க்கும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. "வேண்டிகினாராமே, வேண்டி. நாலு பேரு முன்னால சொல்றாரு. அத்தக் கேட்டுகினு அவரு பின்னாலயே போயி தோளு குடுக்கற. உனக்கு ரோஷமே கெடையாதாய்யா?"

"மெதுவாத் தேய்மே, எரியுது" என்றார். அப்புறம் சொன்னார்.

"உங்க நைனா எங்கிட்ட இதுவரிக்கும் நல்லதா கெட்டதா ஒரு வார்த்த பேசுனது கெடையாது. இன்னிக்குதான் மனசுல இருந்தத எம் மூஞ்சியப் பாத்து சொன்னாரு. வூட்டு ஆளு கிட்டதானமே அப்டி பேசுவாங்க."

எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே நின்று அழுதேன்.